பிரஜையும் குடியும்: திருவிதாங்கூர்ச் சட்டமன்ற வரலாற்றில் சில அரசியல் சொற்கள்

0. முன்னுரை

மக்களாட்சியின் தோற்றத்தை ஆராய்வோர் பெரும்பாலும் ஏதென்சு நகர மன்றத்திலிருந்தோ, 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையாளர்களிடமிருந்தோ தொடங்குவர். அக்கருத்துகள் பிற நாடுகளை அடைந்தபோது எச்சொற்களில் ஏறி வந்தன என்பதும், அச்சொற்கள் முன்பே சுமந்திருந்த பொருள்கள் புதிய கருத்தை எவ்வாறு வளைத்தன என்பதும் உடன் ஆராயத்தக்கன. இவ்வாய்வுக்குத் திருவனந்தபுரம் மிகப் பொருத்தமான களமாகும். மலையாளமும் தமிழும் குடிமக்களின் மொழிகளாகவும், ஆங்கிலம் ஆவண மொழியாகவும், வடமொழி கலைச்சொற்களின் ஊற்றாகவும் அங்கு ஒருங்கே இயங்கின. 1888-இல் எட்டு உறுப்பினர் கொண்ட மன்றத்துடன் தொடங்கிய திருவிதாங்கூர்ச் சட்டமன்றம், 1948-இல் வயதுவந்தோர் வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட்ட 120 உறுப்பினர் கொண்ட அவையாயிற்று. இவ்வறுபது ஆண்டுகளில் சபை, பிரஜை, பிரதிநிதி, சம்மதம், உத்தரவாதம், ஜனம் ஆகிய சொற்கள் அடைந்த பொருண்மை மாற்றங்களையும், அவை மொழிபெயர்ப்பாளர்க்கு எழுப்பும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கருத்துகள் வந்த வழி

ஆள்வோரின் அதிகாரம் ஆளப்படுவோரின் இசைவிலிருந்து பிறக்கிறது என்பதை ஜான் லாக் 1689-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவ முயன்றார். சட்டம் இயற்றும் அதிகாரம், அதனைச் செயற்படுத்தும் அதிகாரம், நீதி வழங்கும் அதிகாரம் ஆகியன ஒரே கையில் இருத்தலாகாது என்பது 1748-இல் மான்டெஸ்கியூ வலியுறுத்திய கருத்து. இறைமை மக்களிடமே உள்ளது. அதனைப் பிறரிடம் ஒப்படைக்க இயலாது என்றார் ரூசோ (1762). பரந்த நாடுகளில் மக்கள் அனைவரும் ஓரிடத்தில் கூட இயலாமையின் சார்பாளர் வழி ஆட்சியே உகந்தது என ஜான் ஸ்டூவர்ட் மில் 1861-இல் விளக்கினார். இசைவு, அதிகாரப் பிரிவு, இறைமை, சார்பாண்மை என்னும் இந்நான்கும் தற்கால மக்களாட்சியின் தூண்கள் எனலாம்.

திருவனந்தபுரத்தில் இக்கருத்துகளுக்கு வாயிலாக அமைந்தது ஆங்கிலக் கல்வி. சுவாதித் திருநாள் காலத்தில் 1834-இல் தொடங்கப்பெற்ற பள்ளி, 1866-இல் கல்லூரியாக உயர்ந்து மகாராஜா கல்லூரி எனப் பெயர் பெற்றது. மனோன்மணீயத்தின் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அங்குத் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றினார். அவரே திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தவர். மேலைத் தத்துவமும் நாட்டின் பழைய நிறுவனங்களைப் பற்றிய தேடலும் ஒரே வகுப்பறையில் சந்தித்தன என்பதற்கு இஃது ஒரு சான்று.

புதிய கருத்துகள் வெற்றிடத்தில் வந்து விழவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை வழி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை விரித்துரைக்கின்றன. தென்திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டிலும் நாட்டுக்கூட்டங்கள் நடைபெற்றன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரிச்சுமைக்கும் படையினரின் கொடுமைக்கும் எதிராக நாட்டார் கூடி முடிவெடுத்துள்ளனர். எனினும் இவற்றைத் தற்கால மக்களாட்சியின் நேர் மூலமாகக் கொள்வது பொருந்தாது. உத்தரமேரூர்ச் சபை பிரமதேயத்து அந்தணர் அவை. நாட்டுக்கூட்டம் நிலமுடைய நாட்டார் கூட்டம். அவை விட்டுச்சென்றவை நிறுவனங்கள் அல்ல. சபை, நாட்டார், கூட்டம், ஓலை முதலிய சொற்களும், கூடிப் பேசி முடிவெடுத்தல் என்னும் வழக்கமுமே ஆகும்.

2. மக்கள் இல்லாத சபை: 1888

சட்டம் இயற்றுதற்கென ஒரு மன்றம் அமைக்கும் ஒழுங்குமுறைச் சட்டத்தை ஸ்ரீமூலம் திருநாள் மன்னர் 30.3.1888-இல் பிறப்பித்தார். மன்றம் 23.8.1888 அன்று திவானின் அலுவலகத்தில் முதன்முதலாகக் கூடியது. எட்டு உறுப்பினருள் அறுவர் அரசு அலுவலர். இருவர் அலுவலர் அல்லாதார். எண்மரும் அரசால் நியமிக்கப்பட்டோர். மைசூரில் 1881-இலேயே சார்பாளர் சபை தோன்றியிருப்பினும், அது குறைகளைக் கேட்கும் அவையாகவே அமைந்தது. சட்டமியற்றும் மன்றம் என்ற வகையில் சுதேச அரசுகளுள் திருவிதாங்கூரே முந்தியது.

இங்கு ஒரு சொல் கருதத்தக்கது. சட்டம் இயற்றும் அவை மலையாளத்தில் ‘நியமசபா’ எனப்படும். அம்மொழியில் ‘நியமம்’ என்பது சட்டம். தமிழிலோ ‘நியமம்’ ஒழுக்க முறையையும், ‘நியமனம்’ பதவியில் அமர்த்துதலையும் குறிக்கும். ‘நியமசபை’ என்பதைத் தமிழ்ச் செவியால் கேட்பவர் ‘நியமிக்கப்பட்ட சபை’ என்று பொருள் கொண்டால் அது மொழியியல் அடிப்படையில் பிழை. 1888-ஆம் ஆண்டு நிலைமைக்கோ அதுவே உண்மை.

3. பிரஜா சபை: 1904

1891-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட ‘மலையாளி மெமோரியல்’ விண்ணப்பம், உயர்பதவிகள் வெளியிலிருந்து வந்தோர்க்கே வழங்கப்படுவதை எதிர்த்தது. 1896-இல் டாக்டர் பல்பு முன்னின்று அளித்த ஈழவர் விண்ணப்பம், முந்தைய விண்ணப்பத்தின் ‘நாட்டவர்’ என்னும் சொல்லுக்குள் தாங்கள் உண்மையில் இடம்பெறவில்லை என்பதை உணர்த்தியது. இவ்விண்ணப்பங்களின் பின்புலத்திலேயே 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றியது. அரண்மனைக்கு அருகே அன்றி, நகர மண்டபமான விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் 22.10.1904 அன்று 88 உறுப்பினருடன் அது கூடியது. மக்களின் தேவைகளையும் குறைகளையும் அரசுக்கு அறிவிப்பதும், அரசின் கொள்கைகளை மக்களுக்கு விளக்குவதும் அதன் நோக்கங்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கில்லை.

இச்சபையின் ஆங்கிலப் பெயர் ‘பாப்புலர் அசெம்பிளி’. நாட்டு மொழிப் பெயர் ‘பிரஜா சபை’. இரண்டும் ஒன்றற்கொன்று மொழிபெயர்ப்பாகவே வழங்கின. ஆயினும் இரண்டின் பொருட்புலமும் வேறு. ‘பாப்புலர்’ என்பதன் வேர் உரோமானியக் குடியரசின் மக்கள் தொகுதியைக் குறித்த ‘பாப்புலஸ்’ என்னும் இலத்தீன் சொல். அம்மரபில் மக்களே அதிகாரத்தின் மூலம். ‘பிரஜா’ என்பது ‘ஜன்’ (பிற) என்னும் வடமொழி வேரும் ‘ப்ர’ என்னும் முன்னொட்டும் சேர்ந்து அமைந்தது. அதன் முதற்பொருள் ‘பிறந்தவை, மக்கட்பேறு’. வளர்ந்த பொருள் ‘அரசனின் ஆட்சிக்கு உட்பட்டோர்’. அரசன் தந்தை, ஆளப்படுவோர் பிள்ளைகள் என்னும் உறவு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. பிள்ளை தந்தையிடம் குறை சொல்லலாம். கணக்குக் கேட்பது வழக்கமன்று. 1904-ஆம் ஆண்டுச் சபைக்கு ஆங்கிலப் பெயரினும் நாட்டு மொழிப் பெயரே நேர்மையான பெயர் எனலாம்.

தமிழின் ‘குடி’யும் இத்தகையதே. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் குடி அரசனுக்குரிய ஆறு உறுப்புகளுள் ஒன்று. ‘குடியாட்சி’, ‘குடியரசு’ என்னும் தொடர்களில் அதே சொல் ஆளப்படும் இடத்திலிருந்து ஆளும் இடத்திற்கு மாறுகிறது. தெலுங்கின் ‘பிரஜாஸ்வாம்யம்’, கன்னடத்தின் ‘பிரஜாபிரபுத்வ’ ஆகியவற்றில் ‘பிரஜா’வும் இம்மாற்றத்தை அடைந்துள்ளது. எனவே சொற்பிறப்பு ஒரு சொல்லின் விதியை முடிவு செய்வதில்லை; அச்சொல்லுக்குரியோர் பெறும் உரிமையே அதன் பொருளை முடிவு செய்கிறது. இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. இலங்கைத் தமிழில் ‘பிரஜாவுரிமை’ என்பது முழுமையான குடியுரிமையைக் குறிக்கும் சொல். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமோ மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை அவ்வுரிமைக்குப் புறத்தே நிறுத்தியது.

4. பிரதிநிதியும் சம்மதமும்

1904-இல் சபை உறுப்பினரைத் தெரிவு செய்தவர்கள் மாவட்டத் தலைமை அலுவலர்கள். வட்டத்திற்கு இருவர் வீதம், நிலவரியோ வருவாயோ மிகுந்தவர்களிலிருந்து தெரிந்தனர். 1.5.1905-இல் வெளியான ஒழுங்குமுறை தேர்தல் உரிமையை வழங்கியது. நூறு உறுப்பினருள் 77 பேர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர். 23 பேர் நியமிக்கப்பட வேண்டியவர். ஆண்டுக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாத நிலவரி செலுத்துவோர், இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாத நிகர வருவாய் உடையோர், பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் ஆனோர் ஆகியோர்க்கே வாக்குரிமை. உத்தரமேரூரில் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் வேதக் கல்வியும் தகுதிகள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர்த் திருவிதாங்கூரில் நிலவரியும் பல்கலைக்கழகப் பட்டமும் தகுதிகள். நிலமும் நூலும் உடையவனே பேசத் தகுந்தவன் என்னும் கொள்கை இரண்டிற்கும் பொது.

‘பிரதிநிதி’ என்னும் சொல் வடமொழி வேள்வி நூல்களில், விதிக்கப்பட்ட பொருள் கிட்டாதபோது அதனிடத்தில் வைக்கப்படும் மாற்றுப் பொருளைக் குறிக்கும். பதிலாக வைக்கப்படுபவன் என்னும் இப்பொருளில், வைப்பவன் யார் என்னும் வினா திறந்தே கிடக்கிறது. 1904-இல் வைத்தவர் அலுவலர். 1905-க்குப் பின் வைத்தவர் வரி செலுத்துவோர். வைக்கப்பட்டவர் யாருக்குப் பதிலாக என்பதே எஞ்சிய வினா.

அவ்வினாவைச் சபைக்குள் கொணர்ந்தவர் அய்யன்காளி. புலையர் சமூகத்தில் பிறந்து, பள்ளிக் கல்வி மறுக்கப்பட்டு, 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அவர் 1911-இல் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். தம் மக்களுக்கு நிலமும், குழந்தைகளுக்குப் பள்ளியில் இடமும் வேண்டும் என்பவை சபையில் அவர் எழுப்பிய கோரிக்கைகள். தேர்தல் வழி அவர் நுழைந்திருக்க இயலாது. அவர் சார்பாகப் பேசிய மக்களிடம் வரி செலுத்த நிலமே இல்லை. தேர்தல் மக்களாட்சியின் அடையாளம், நியமனம் அதன் மறுப்பு என்னும் எளிய சமன்பாடு இங்கு நிற்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் நோக்கில் மற்றொன்றும் உண்டு. சபை நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டன. நிலத்தையும் பள்ளியையும் பற்றிய அந்த மலையாளப் பேச்சு, இன்றைய ஆய்வாளர்க்கு ஓர் ஆங்கிலப் பதிவின் வழியாகவே எட்டுகிறது.

வாக்களித்தலைக் குறிக்க மலையாளத்தில் வழங்கிய சொல் ‘சம்மதிதானம்’. வாக்காளர் ‘சம்மதிதாயகர்’, அதாவது இசைவை வழங்குபவர். லாக் கூறிய இசைவுக் கொள்கையை இதனினும் நெருக்கமாகச் சொல்லில் வடித்தல் அரிது. தமிழ் இதனை ஏற்காது ‘வாக்கு’ என்பதைத் தேர்ந்தது. ஒன்றில் இசைவு முதன்மை பெறுகிறது. மற்றொன்றில் குரல் முதன்மை பெறுகிறது. 1921-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் சட்டமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஐம்பதாயிற்று. அவருள் 28 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டோர். 1920-களின் தொடக்கத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். மருத்துவர் மேரி பூனன் லூக்கோஸ் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி உரிமை முறையின் கொடுமைகளைக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில்’ எள்ளி நகையாடினார். அம்முறையை மாற்றியமைத்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் நிறைவேறியது. இலக்கியம் எழுப்பிய குரல் சட்டமாக மாறியதற்கு இது தமிழ் வட்டங்கள் தந்த சான்றாகும்.

5. நிவர்த்தனம்: ஒரு சொல்லாக்கம்

1932-இல் ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரா அரசவை என ஈரவைச் சட்டமன்றம் அறிவிக்கப்பட்டது. வாக்குரிமை தொடர்ந்து சொத்தின் அடிப்படையிலேயே அமைந்தமையின், ஈழவரும் கிறித்தவரும் இசுலாமியரும் தங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள் கிடைக்கா என்று கண்டு தேர்தலிலிருந்து விலகி நின்றனர். இவ்வியக்கத்திற்கு வேண்டிய பெயர் எளிதில் அமையவில்லை. ‘ஒத்துழையாமை’ என்று கூறின் காந்தியடிகளின் இயக்கத்துடன் இணைத்து எண்ணப்பட்டு அடக்குமுறைக்கு இடமாகும். ஆதலின் ‘நிவர்த்தனம்’ என்னும் சொல் தெரிந்தெடுக்கப்பட்டது. இச்சொல்லை வழங்கியவர் ஐ.சி. சாக்கோ. நிலவியல் அறிஞரான அவர் பிற்காலத்தில் ‘பாணினீய பிரத்யோதம்’ எழுதிச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இலக்கண அறிஞருமாவார்.

‘நிவர்த்தனம்’ திரும்புதல், விலகுதல் என்னும் பொருளுடையது. மறுப்பையோ பகைமையையோ குறிக்காது. தமிழில் அதே வேரின் ‘நிவர்த்தி’ குறை நீக்கத்தைக் குறிக்கும். விலகி நின்று குறையை நீக்கிக் கொண்ட இவ்வியக்கத்திற்கு இரு மொழிப் பொருளும் பொருந்தின. 1935-இல் பொதுப்பணி ஆணையர் நியமனம் பெற்றார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் இயக்கத்தார் வெற்றி கண்டனர். சொல்லாக்கம் என்பது அகராதிப் பணி மட்டுமன்று, சில வேளைகளில் மக்களைச் சிறையிலிருந்து காக்கும் பணியுமாகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

6. யாருக்கு விடை சொல்வது?

1938-இல் தோன்றிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் ஒரே கோரிக்கை ‘உத்தரவாதித்வ பரணம்’. ஆங்கிலத்தில் ‘ரெஸ்பான்சிபிள் கவர்ன்மெண்ட்’ எனப்படும் இக்கருத்து, அமைச்சரவை சட்டமன்றத்திற்கு விடை சொல்லக் கடமைப்பட்டது, அதன் நம்பிக்கையை இழப்பின் பதவி விலக வேண்டியது என்பதாகும். அன்றைய அமைப்பில் திவான் மன்னருக்கே கடமைப்பட்டவர். அவரே ஈரவைகளுக்கும் தலைவர். மான்டெஸ்கியூ அஞ்சிய நிலை இதுவே.

இச்சொற்களை ஒப்பிடுதல் பயனுடையது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் வினை ‘விடை கூறு’ எனப் பொருள்படும். அதனுள் ‘உறுதியளி’ என்னும் வேரும் உண்டு. மலையாளத்தின் ‘உத்தரவாதித்வம்’, உத்தரம் (விடை) கூறுபவனின் தன்மை எனப் பகுதி பகுதியாக ஒத்து நிற்கிறது. தமிழில் ‘உத்தரவாதம்’ பிணையுறுதி என்னும் பொருளில் ஒதுங்கியது. எனவே தமிழ் ‘பொறுப்பு’ என்பதைக் கைக்கொண்டது. அதன் வேர் ‘பொறு’, அதாவது சுமத்தல், தாங்கிக்கொள்ளல். விடை சொல்லுதல் மற்றொருவர் வினவுவதை முன்னிறுத்துகிறது; சுமத்தலுக்கு மற்றொருவர் தேவையில்லை. இவ்வேறுபாடு காரணமாகவே ‘பொறுப்பாட்சி’ என்னும் கலைச்சொல்லைச் சிலர் ‘பொறுப்பான ஆட்சி’ எனப் பெயரடையாக்கும்போது, விடை சொல்லும் கடமை மறைந்து, கவனமாகவும் அக்கறையாகவும் நடக்கும் ஆட்சி என்னும் நற்பண்பு மட்டும் எஞ்சுகிறது. பொறுப்பான திவான் இருந்திருக்கலாம், பொறுப்பாட்சி இருந்ததில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரைத் தேர்தலிலிருந்து விலக்குகிறது. ‘கணக்குக் காட்டுதல்’ என்னும் அத்தொடர் ‘பொறுப்பு’ என்பதினும் இக்கருத்துக்கு நெருங்கியது.

இது சொல்லளவிலான வேறுபாடன்று என்பதைப் பின்னிகழ்ந்தவை காட்டின. 1946 சனவரியில் திவான் சி.பி. இராமசாமி ஐயர் புதிய அரசமைப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். அதில் வயதுவந்தோர் வாக்குரிமை இருந்தது. சட்டமன்றத்தால் நீக்கப்பட இயலாத ஆட்சித்தலைமையும் இருந்தது. அமெரிக்க முறை என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் ஆட்சித்தலைவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். இங்கோ மன்னரால் நியமிக்கப்படுபவர். வாக்கு உண்டு, விடை இல்லை என்பதே இத்திட்டத்தின் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் எழுந்த தொழிலாளர் கிளர்ச்சி, அமெரிக்க முறையை அரபிக்கடலில் எறிக என்று முழங்கியது. துப்பாக்கிகளுக்கு முன் பலர் மாய்ந்தனர். 1947 சூன் 11-இல் தனிநாடு பற்றிய அறிவிப்பும், சூலை 25-இல் திவான் தாக்கப்பட்டதும், அதன்பின் இந்திய ஒன்றியத்தில் இணைந்ததும் விரைந்து நிகழ்ந்தன. செப்டம்பர் 4-இல் மன்னர் பொறுப்பாட்சியை அறிவித்தார்.

7. ஜனம்: 1948-உம் அதற்குப் பின்னும்

1948 பிப்ரவரியில் தேர்தல் நடைபெற்றது. 120 உறுப்பினர் கொண்ட மக்கள் சார்பாளர் அவை மார்ச் 20-இல் கூடியது. பட்டம் தாணு பிள்ளை தலைமையில் அமைச்சரவை அமைந்தது. ‘பிரஜா’ என்பதும் ‘ஜன’ என்பதும் ஒரே வேரினவாதலின், 1904-ஆம் ஆண்டுப் பிரஜா சபைக்கும் 1948-ஆம் ஆண்டு ஜனாதிபத்யத்திற்கும் இடைப்பட்ட தொலைவைச் சொல்லளவில் ஒரு முன்னொட்டின் தொலைவு எனலாம். அம்முன்னொட்டு உதிர 44 ஆண்டுகள் ஆயின.

மலையாளத்தின் ‘ஜனாதிபத்யம்’, தமிழின் ‘ஜனநாயகம்’ இரண்டும் கிரேக்க மூலத்தின் கடன்மொழிபெயர்ப்புகள். முதற்கூறு ஒன்றே, இரண்டாம் கூறு வேறு. ‘ஆதிபத்யம்’ ஆளும் ஆற்றலைக் குறிக்கும். ‘நாயகம்’ தலைமையைக் குறிக்கும். கிரேக்கத்தின் ‘கிராட்டோஸ்’ (வலிமை) என்பதற்கு முன்னதே நெருங்கியது. ஆயினும் தமிழர் செவியில் ‘ஜனாதிபதி’ என்பது ஆட்சித்தலைவரின் பட்டம். மக்களின் ஆட்சி என்று மலையாளி கூறுவதைத் தலைவரின் ஆட்சி என்று தமிழர் கேட்கும் இடர் இங்கு உண்டு.

இத்தகைய செவிவேறுபாடு அரசியலிலும் ஒலித்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலிய தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைய வேண்டும் எனக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு 1948-இல் 14 இடங்களை வென்றது. 11.8.1954 அன்று அவ்வியக்கத்தார் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் மாண்டன. அப்போது முதலமைச்சராக இருந்தவர், பொறுப்பாட்சிக்காகச் சிறை சென்ற பட்டம் தாணு பிள்ளையே. பெரும்பான்மைக்கு விடை சொல்லும் ஆட்சி, சிறுபான்மையினரின் வினாவையும் கேட்கிறதா என்பது பொறுப்பாட்சிக்குள்ளேயே எழும் அடுத்த வினா. 1.11.1956-இல் தென்வட்டங்கள் நான்கும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்றது.

2021 மே மாதம் தேவிகுளம் தொகுதியின் உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவருக்கு அளிக்கப்பட்ட தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயரால் என்றோ உளமார என்றோ அமைய வேண்டிய தொடர் விடுபட்டிருந்தது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த இக்குறையால் அவ்வுறுதிமொழி நிறைவுடையதாகக் கொள்ளப்படவில்லை. சூன் 2-இல் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்க நேர்ந்தது. ஒரு தொடர் விடுபட்டால் மக்கள் தேர்ந்த ஒருவர் அவையில் அமரும் உரிமையே ஐயத்திற்கு உள்ளாகும். ஆட்சித்துறை மொழிபெயர்ப்பில் சொல்லின் எடை இத்தகையது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, மேலைக் கருத்துகள் திருவிதாங்கூரில் அப்படியே பெயர்த்து நடப்படவில்லை. பிரஜை, குடி, பிரதிநிதி முதலிய பழஞ்சொற்களின் வழியே நுழைந்து, அவற்றின் பொருளை மாற்றித் தாமும் மாறின. இரண்டாவது, மலையாளமும் தமிழும் ஒரே வடமொழி வேரிலிருந்து சொற்களை எடுத்தும் பொருளில் பிரிந்தன. நியமம், நிவர்த்தனம், உத்தரவாதம், ஜனாதிபத்யம் ஆகியன உருவில் ஒத்துப் பொருளில் மயக்குவன. இவ்விரு மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் இவற்றைத் தனிப் பட்டியலாகவே கொள்ளல் வேண்டும். மூன்றாவது, ஒரு கலைச்சொல் செறிவாக இருத்தல் மட்டும் போதாது; அது குறிக்கும் உறவில் யார் வினவுவர், யார் விடை சொல்வர் என்பதும் அதில் விளங்க வேண்டும்.

பிரஜா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால் 2019-இல் அய்யன்காளி ஹால் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அரசியின் ஆட்சி விழாவுக்காகப் பெயரிடப்பட்ட மண்டபம், வாக்குரிமையற்ற மக்களின் குரலாகப் பிரஜா சபைக்குள் வந்தவரின் பெயரைத் தாங்குகிறது. பிரஜை என்னும் சொல் நடந்து வந்த வழியும் அதுவே.